ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் மங்கலாகத் தெரிவதும் திக்குவதும் ஏன்? எங்கிருந்து சரிசெய்யத் தொடங்க வேண்டும்?

கேள்வி இதுதான்: ரைசன் 5 5600, 16 ஜிபி ராம், 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060, குவெஸ்ட் 2 ஹெட்செட், யுஎஸ்பி கேபிள் வழியாக லிங்க் (ஹெட்செட்டைக் கணினியோடு இணைக்கும் மெட்டாவின் வசதி). ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் என்ற விஆர் (மெய்நிகர் உண்மை) ஆட்டத்தை அல்ட்ராவில் வைத்தால் தலையைத் திருப்பும்போதெல்லாம் திக்குகிறது, படமும் தெளிவாக இல்லை. லோவுக்கு இறக்கினால் திக்கல் குறைகிறது, ஆனால் மங்கல் அப்படியே இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டை மாற்ற வேண்டுமா?

மாற்ற வேண்டாம். 2020 மார்ச் 23 அன்று வால்வ் இந்த ஆட்டத்தை வெளியிட்டபோது சொன்ன குறைந்தபட்சத் தேவை 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060 அல்லது ஆர்எக்ஸ் 580, கோர் ஐ5-7500 அல்லது ரைசன் 5 1600, 12 ஜிபி ராம். உங்களிடம் இருப்பது அதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகமான கார்டு. சிக்கல் கார்டின் வலுவில் இல்லை, அந்த வலு எங்கே செலவாகிறது என்பதில் இருக்கிறது. இந்த ஆட்டத்தில் படத்தின் ரெசல்யூஷனை மூன்று இடங்கள் தீர்மானிக்கின்றன: மெட்டாவின் பிசி மென்பொருள், வால்வின் விஆர் மென்பொருளான ஸ்டீம்விஆர், ஆட்டம். முதல் இரண்டில் நீங்கள் ஏற்றி வைத்ததை மூன்றாவது உங்களுக்குச் சொல்லாமலே இறக்கிவிடும். அல்ட்ராவில் படம் மங்குவதற்கு முதல் காரணம் அதுதான்.

முதலில் கணக்கைப் பாருங்கள். சாதாரண மானிட்டரில் 1920×1080 படத்தை நொடிக்கு 60 முறை வரைய, கார்டு நொடிக்குச் சுமார் 12.4 கோடி பிக்சல் போட வேண்டும். 4கே மானிட்டரில் 60 பிரேமுக்கு அது 49.8 கோடி. இப்போது வால்வ் இண்டெக்ஸ் ஹெட்செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் திரை ஒரு கண்ணுக்கு 1440×1600 தான். ஆனால் ஸ்டீம்விஆரில் 100 சதவீதம் என்றால் ஆட்டம் வரைவது ஒரு கண்ணுக்கு 2016×2240. லென்ஸ் படத்தை வளைப்பதால், அதை ஈடுகட்ட மென்பொருள் எதிர்த்திசையில் வளைக்கிறது. அப்போது நடுப்பகுதி விரிந்து தெளிவு குறையும் என்பதால், முதலிலேயே ஒவ்வொரு பக்கமும் 1.4 மடங்கு பெரிதாக வரைந்துவிடுகிறார்கள். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து, 90 ஹெர்ட்ஸில், நொடிக்கு 81 கோடி பிக்சல். அதாவது ஒன்றையும் கூட்டி வைக்காத நிலையிலேயே 4கே மானிட்டரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் வேலை.

உங்கள் குவெஸ்ட் 2 திரை ஒரு கண்ணுக்கு 1832×1920. மெட்டா மென்பொருளின் ரெசல்யூஷன் ஸ்லைடரைக் கடைசிவரை இழுத்தால் இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 5408×2736 வரும். ஒரு பிரேமுக்கு 1.48 கோடி பிக்சல். அதன் மேல் ஸ்டீம்விஆரில் 150 சதவீதம் வைத்திருந்தால் 2.2 கோடி. 90 ஹெர்ட்ஸில் நொடிக்கு 200 கோடி, 4கே மானிட்டரைப் போல நான்கு மடங்கு. இதை 3060 தாங்காது. இரண்டு ஸ்லைடரும் ஒன்றையொன்று பெருக்கும் என்பது தெரியாமல் இரண்டையும் ஏற்றி வைத்திருப்பவர்கள் ஏராளம்.

விஆரில் சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை பிரேம்) பார்ப்பதும் பயனில்லாத வேலை. பார்க்க வேண்டியது ஒரு பிரேமுக்கு எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்பதை. 72 ஹெர்ட்ஸுக்கு 13.9, 80-க்கு 12.5, 90-க்கு 11.1, 120-க்கு 8.3 மில்லிசெகண்ட். இந்த வரம்பை ஒரு பிரேம் அரை மில்லிசெகண்ட் தாண்டினாலும் அந்தப் பிரேம் போனதுதான். மானிட்டரில் ஒரு பிரேம் விழுந்தால் கண் கண்டுகொள்ளாது. ஹெட்செட்டில் தலை திரும்பிக்கொண்டிருக்கும்போது விழுந்தால், கதவு நிலை, மேசை விளிம்பு போன்ற கிட்டத்துப் பொருள்கள் இரட்டையாகத் தெரிந்து அதிரும். அதனால் சராசரி 85 எஃப்பிஎஸ் என்று காட்டும் அமைப்பு, நிலையாக 72-ல் ஓடும் அமைப்பைவிட மோசமாக இருக்கும்.

அலிக்ஸ் இந்த வரம்புக்குள் நிற்பதற்காகவே கட்டப்பட்ட ஆட்டம். அதன் சோர்ஸ் 2 எஞ்சினில் ஃபார்வர்ட் ரெண்டரிங்கும் (ஒவ்வொரு பொருளையும் வெளிச்சத்தோடு ஒரே நடையில் வரையும் முறை) எம்எஸ்ஏஏவும் (விளிம்பைச் சீராக்கும் முறை) இருக்கின்றன. இன்றைய மானிட்டர் ஆட்டங்களில் பரவலாக உள்ள டிஏஏ முறை முந்தைய பிரேம்களைக் கலந்து விளிம்பை மழுப்பும். ஹெட்செட் அணிந்தவரின் தலை ஒரு கணமும் அசையாமல் இருக்காது என்பதால் விஆரில் அது முழுப் படத்தையும் குழப்பிவிடும். எம்எஸ்ஏஏ அப்படியில்லை, விளிம்பை அந்தந்தப் பிரேமிலேயே சீராக்கும். வால்வில் இருந்த அலெக்ஸ் வ்லாகோஸ் 2015 ஜிடிசி (ஆட்ட உருவாக்குநர் மாநாடு) உரையில் விஆருக்கு 4 மடங்கு எம்எஸ்ஏஏ குறைந்தபட்சம், முடிந்தால் 8 மடங்கு என்று சொன்னார். அடுத்த ஆண்டு உரையில் ரெசல்யூஷனைத் தானே ஏற்றி இறக்கும் முறையை விளக்கினார்: ஒரு பிரேமின் வேலை கிடைக்கும் நேரத்தில் 90 சதவீதத்தைத் தாண்டினால் தரத்தை இரண்டு படி இறக்கு, தொடர்ந்து மூன்று பிரேம் 70 சதவீதத்துக்குக் கீழே வந்தால் ஒரு படி ஏற்று. இறக்குவதில் வேகம், ஏற்றுவதில் நிதானம். அலிக்ஸுக்குள் ஓடும் தானியங்கி ஃபிடிலிட்டி ஏற்பாட்டின் அடிப்படையும் இதே சிந்தனைதான். நீங்கள் அல்ட்ரா வைக்கும்போது கார்டு திணறுகிறது, ஆட்டம் ரெசல்யூஷனைக் குறைத்துக்கொள்கிறது. நிழல் அல்ட்ரா, டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படம்) அல்ட்ரா, ஆனால் மொத்தப் படமும் சிறிதாக வரைந்து பெரிதாக்கப்பட்டது. செட்டிங்ஸ் பக்கத்தைப் பார்த்தால் எல்லாம் உச்சத்தில் இருக்கும், கண்ணுக்கு மட்டும் பனிமூட்டம்.

இதிலிருந்து என் திடமான கருத்து: இந்த ஆட்டத்தில் தரத்தை விட்டுக்கொடுத்து ரெசல்யூஷனை வாங்க வேண்டும். மற்ற பல ஆட்டங்களில் லோ என்றால் காட்சி வெளிறிப்போகும். அலிக்ஸில் அப்படி ஆகாது, ஏனென்றால் ஆட்டம் நடக்கும் நகரமான சிட்டி 17-இன் அழகில் பெரும்பகுதி ஓடும்போது கணக்கிடப்படுவதில்லை. சுவரில் படியும் வெளிச்சம், ஜன்னல் வழியாக விழும் சாயல், ஈரத் தரையின் பிரதிபலிப்பு இவற்றில் பெரும்பாலானவை முன்கூட்டியே கணக்கிட்டுச் சேமிக்கப்பட்டவை. லோவிலும் அல்ட்ராவிலும் அவை ஒன்றுதான். வேறுபடுவது அசையும் நிழல்களின் கூர்மை, டெக்ஸ்சரின் நுணுக்கம், விளிம்புச் சீர் போன்றவை. மீடியத்தில் கூர்மையாகத் தெரியும் காட்சி, அல்ட்ராவில் மங்கித் தெரியும் காட்சியை எல்லா இடத்திலும் தோற்கடிக்கும்.

இனி வரிசை. வரிசை முக்கியம், ஏனென்றால் மங்கலுக்கு நாலைந்து காரணங்கள் உண்டு, எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும்.

கணினியைத் தொடுவதற்கு முன் லென்ஸ். குவெஸ்ட் 2-வில் கண்களுக்கு இடையிலான தூரத்துக்கு மூன்றே நிலைகள்: 58, 63, 68 மில்லிமீட்டர். கண்ணாடி முன் நின்று மூக்கு நடுவில் ஸ்கேலை வைத்து, ஒரு கருவிழி நடுவிலிருந்து மறு கருவிழி நடுவுக்கு அளந்து, அதற்கு அருகில் உள்ள நிலையை வையுங்கள். பிறகு ஹெட்செட்டை மேலும் கீழும் மெல்ல நகர்த்தி எழுத்து கூர்மையாகும் இடத்தில் பட்டையை இறுக்குங்கள். ஃப்ரெனல் லென்ஸ் என்பதால் நடுப்பகுதி மட்டுமே தெளிவாக இருக்கும், ஓரம் எப்படியும் மங்கும். அதை எந்தக் கார்டும் சரிசெய்யாது. ஹெட்செட்டின் சொந்த முகப்புப் பக்கத்தில், லிங்க் போடாமல், எழுத்து கூர்மையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். அங்கேயே மங்கல் என்றால் மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை, பட்டையிலும் இடைவெளியிலும்தான் வேலை.

அடுத்து மெட்டாவின் பிசி மென்பொருள். டிவைசஸ் பகுதியில் உங்கள் ஹெட்செட்டைத் திறந்தால் ரீஃப்ரெஷ் ரேட்டும் ரெசல்யூஷனும் ஒன்றாக இருக்கும். ரீஃப்ரெஷ் ரேட்டை 80-க்கு வையுங்கள். 90-லிருந்து 72-க்கு இறங்கினால் ஒரு பிரேமுக்கு 25 சதவீதம் கூடுதல் நேரம் கிடைக்கும். அலிக்ஸ் வேகமாக ஓடித் திரியும் ஆட்டமல்ல. இழுப்பறையைத் திறப்பதும் மூலையில் ஒளிந்து எட்டிப் பார்ப்பதும்தான் அதிகம். அதனால் 80 நல்ல நடு இடம். 72-ல் சிலருக்கு வெளிச்சமான காட்சியில் லேசான மினுக்கல் தெரியும். தெரியாதவர்கள் 72-ஐயே வைத்துக்கொள்ளலாம். ரெசல்யூஷனில் தானாகத் தேர்வுசெய் என்பதை அணைத்து, அகலம் 4100 பக்கத்தில் வரும் இடத்தில் ஸ்லைடரை நிறுத்துங்கள். உயரம் 2100 பக்கத்தில் வரும். இது தொடக்க இடம்தான், பிறகு ஏற்றப்போகிறோம்.

ஸ்டீம்விஆரில் வீடியோ பகுதிக்குப் போய், ரெண்டர் ரெசல்யூஷனை ஆட்டோவிலிருந்து கஸ்டமுக்கு மாற்றி 100 சதவீதத்தில் வையுங்கள். ஆட்டோவில் விட்டால் அது உங்கள் கார்டைப் பார்த்துத் தானாக ஒரு எண்ணைப் போடும், பிறகு எந்த அளவில் எது ஓடுகிறது என்பதே தெரியாது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனியாக ஒரு சதவீதம் வைக்கும் வசதியும் அங்கே உண்டு. அலிக்ஸுக்கு அதுவும் 100. இந்தச் சதவீதம் பரப்பளவைக் குறிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். 150 என்றால் ஒன்றரை மடங்கு பிக்சல், ஒவ்வொரு பக்கமும் 1.22 மடங்குதான். ஸ்டீம்விஆர் ஹோமை அணைத்துவிடுங்கள். ஆட்டம் தொடங்கும் முன் ஓடும் அந்த அறைக்கும் கார்டில் செலவு உண்டு.

இப்போது ஆட்டத்துக்குள். ஒட்டுமொத்தத் தரம் மீடியம். அதன் பிறகு டெக்ஸ்சரை மட்டும் உயர்த்துங்கள். டெக்ஸ்சருக்கு வேண்டியது கார்டின் வேகமல்ல, கார்டின் நினைவகம். உங்களிடம் 12 ஜிபி இருக்கிறது, அல்ட்ரா வரை போகலாம். இதே 3060 லேப்டாப்பில் இருந்தால் 6 ஜிபிதான் வரும், அங்கே ஹையோடு நிறுத்துவது நல்லது. நினைவகம் நிரம்பினால் டெக்ஸ்சர் கணினி ராமிலிருந்து வந்துபோகும், புதிய அறைக்குள் நுழையும்போதெல்லாம் ஒரு பெரிய திக்கல் வரும். அந்தத் திக்கலை நிழலைக் குறைத்துச் சரிசெய்ய முயல்பவர்கள் உண்டு, ஒரு பயனும் இருக்காது. விளிம்புச் சீரை (ஆன்டி-அலியாசிங்) மட்டும் அடிமட்டம்வரை குறைக்காதீர்கள். கம்பி வேலி, மின்கம்பி, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் எறும்பு ஊர்வதுபோல் நெளியத் தொடங்கும், அது மங்கலைவிடத் தொந்தரவு. நிழல் மீடியத்திலேயே இருக்கட்டும். இருட்டுச் சுரங்கத்தில் டார்ச் கையில் வந்த பிறகு நிழல்தான் கார்டைத் தின்னும்.

அடுத்து அந்தத் தானியங்கி ஃபிடிலிட்டியை நிறுத்த வேண்டும், குறைந்தபட்சம் அளக்கும் வரை. ஸ்டீம் லைப்ரரியில் அலிக்ஸ் மேல் வலது சொடுக்கு, ப்ராப்பர்ட்டீஸ், லாஞ்ச் ஆப்ஷன்ஸ் பெட்டி. அதில் இரண்டு கட்டளைகள் எழுத வேண்டும்: +vr_fidelity_level_auto 0 என்பது ஒன்று, +vr_fidelity_level 3 என்பது மற்றொன்று. இரண்டையும் ஆங்கிலத்தில், எல்லாம் சிறிய எழுத்தாக, சொற்களுக்கு நடுவில் அடிக்கோடு போட்டு, எண்ணுக்கு முன்னும் இரண்டு கட்டளைகளுக்கு நடுவிலும் மட்டும் ஓர் இடைவெளி விட்டு, ஒரே வரியில் எழுதுங்கள். கூட்டல் குறிக்கும் சொல்லுக்கும் நடுவில் இடைவெளி விட்டால் கட்டளை வேலை செய்யாது. ஆட்டம் பிழையும் காட்டாது, பழையபடியே ஓடும். முதல் கட்டளை தானியங்கியை அணைக்கும், இரண்டாவது நிலையை ஓரிடத்தில் பூட்டும். எண் கூடினால் கூர்மையும் சுமையும் கூடும்.

இதைச் செய்தவுடன் திக்கல் முன்னைவிட அதிகமாகத் தெரியலாம். அது நல்லது. இதுவரை ஆட்டம் மூடி மறைத்ததை இப்போது நேராக அளக்க முடியும்.

அளக்கும்போது ஏஎஸ்டபிள்யூவையும் அணைக்க வேண்டும். கார்டு பிந்தினால் மெட்டா மென்பொருள் ஆட்டத்தைப் பாதி வேகத்துக்கு இறக்கி, இடையில் உள்ள பிரேம்களைத் தானே ஊகித்து நிரப்பும்; அதன் பெயர் ஏஎஸ்டபிள்யூ. இது ஓடும்போது எண்ணெல்லாம் ஏமாற்றும். கீபோர்டில் கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு வலப்பக்க எண் விசைகளில் 1-ஐ அழுத்தினால் அணையும், 4-ஐ அழுத்தினால் பழையபடி ஆட்டோவுக்குத் திரும்பும். அது ஓடிக்கொண்டிருக்கிறதா என்று ஹெட்செட்டுக்குள்ளிருந்தே கண்டுபிடிக்கலாம். கையை முகத்துக்கு முன் கொண்டுவந்து விரல்களை விரித்து வேகமாக ஆட்டுங்கள். விரல் ஓரத்தில் பின்னணிச் சுவர் ஜெல்லிபோல் வளைந்து நெளிந்தால் பிரேம்கள் ஊகத்தில் வருகின்றன. ஈர்ப்புக் கையுறையால் தூரத்துத் தோட்டா உறையைச் சுண்டி இழுக்கும்போதும் அதே நெளிவு தெரியும்.

இப்போது அளவு. ஸ்டீம்விஆரின் டெவலப்பர் பகுதியில் உள்ள அட்வான்ஸ்ட் ஃபிரேம் டைமிங் வரைபடம் போதும். விலை கொடுத்து வாங்கும் எஃப்பிஎஸ்விஆர் இருந்தால் ஹெட்செட்டுக்குள்ளேயே கையில் எண்களைப் பார்க்கலாம். ஒரே இடத்தில் நின்று அளக்க வேண்டும் என்பதால் இரண்டு சேமிப்புகள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஆட்டம் தொடங்கும் மாடி வராந்தாவில் சிட்டாடல் கோபுரத்தைப் பார்த்தபடி. மற்றொன்று, ஆட்டத்தின் எதிரிகளான காம்பைன் வீரர்களோடு நடக்கும் ஏதாவது ஒரு சண்டைக்குச் சற்று முன். வராந்தாவில் மட்டும் அளந்துவிட்டு முடிவெடுப்பவர்கள், சண்டையில் புகையும் தீப்பொறியும் சேரும்போது வரம்பைத் தாண்டுவார்கள்.

80 ஹெர்ட்ஸில் மொத்தம் 12.5 மில்லிசெகண்ட். அதில் ஹெட்செட்டுக்கு அனுப்பும் வேலைக்கும் எதிர்பாராத ஏற்றத்துக்கும் இடம் விட்டு, சண்டையில் ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) நேரம் 10.5-ஐத் தாண்டாமல் இருக்க வேண்டும். உதாரணத்துக்கு, 4100×2100-ல் உங்களுக்கு 8 மில்லிசெகண்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 10.5-ஐ 8-ஆல் வகுத்தால் 1.31, அத்தனை மடங்கு பிக்சல் சேர்க்கலாம். ஒவ்வொரு பக்கமும் அதன் வர்க்கமூலம், சுமார் 1.14. ஆக மெட்டா ஸ்லைடரை 4670 பக்கத்துக்கு நகர்த்தலாம். நிழல் வரைபடம், உருவங்களின் முக்கோணங்கள் போன்ற வேலைகள் ரெசல்யூஷனோடு ஏறுவதில்லை என்பதால் உண்மையான ஏற்றம் இந்தக் கணக்கைவிடச் சற்றுக் குறைவாகவே வரும். ஏற்றிவிட்டு மறுபடி அதே இரண்டு இடங்களில் அளந்து பாருங்கள். ஏற்றுவது ஸ்லைடர் ஒன்றில் மட்டும். ஸ்டீம்விஆர் 100-லேயே இருக்கட்டும்.

ஜிபியு நேரம் 8-ல் படுத்திருக்க, சிபியு நேரம் மட்டும் குதித்தால் கதை வேறு. அலிக்ஸ் சிபியுவை அவ்வளவாகக் கேட்கும் ஆட்டமல்ல, உங்கள் 5600 அதற்கு மிகையானது. அப்படியும் குதித்தால் பின்னணியில் ஏதோ ஓடுகிறது: பிரவுசரில் ஓடும் வீடியோ, விளக்கு நிறம் மாற்றும் மென்பொருள், திரைப்பதிவு, கேம் பார். ராம் ஒற்றைத் தகடாக இருந்தால் இரட்டைச் சேனல் வேகம் கிடைக்காது; இரண்டு 8 ஜிபி தகடுகள் ஒரு 16-ஐவிடச் சீராக இருக்கும். பயோஸில் எக்ஸ்எம்பி (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஆட்டம் எஸ்எஸ்டியில்தான் இருக்க வேண்டும்.

வரைபடத்தில் இரண்டும் சமமாக, வரம்புக்குக் கீழே ஓடுகின்றன, ஆனாலும் படம் திக்குகிறது என்றால் குற்றம் வரைவதில் இல்லை, அனுப்புவதில். லிங்க் என்பது மானிட்டர் கேபிள் அல்ல. கணினி ஒவ்வொரு பிரேமையும் வீடியோவாகச் சுருக்கி அனுப்புகிறது, ஹெட்செட்டில் உள்ள சிப் அதை விரிக்கிறது. லோவில் வைத்தும் மங்கல் போகவில்லை என்றீர்களே, அதற்கு மிகச் சாத்தியமான காரணம் இங்கேதான். அலிக்ஸில் பாதி ஆட்டம் இருட்டிலும் பழுப்புச் சுவர்களிலும் நடக்கிறது. வீடியோச் சுருக்கம் முதலில் கை வைப்பது இருட்டில் உள்ள நுணுக்கத்தில்தான். டார்ச் வெளிச்சம் சுவரில் மெல்ல மங்கும் இடத்தை உற்றுப் பாருங்கள். மங்கல் மென்மையாக இல்லாமல் வளையம் வளையமாக, தலையைத் திருப்பும்போது சதுரம் சதுரமாக உடைந்தால் அது பிட்ரேட் (நொடிக்கு அனுப்பும் வீடியோத் தரவின் அளவு) பற்றாக்குறை. ரெசல்யூஷன் பற்றாக்குறையில் சதுரம் வராது, எழுத்தின் விளிம்பு மட்டும் கரையும். இரண்டையும் பிரித்தறிய இதைவிட நல்ல அடையாளம் இல்லை.

பிட்ரேட்டை ஏற்ற ஆக்குலஸ் டீபக் டூல் வேண்டும். மெட்டா மென்பொருள் நிறுவிய கோப்புறையில் சப்போர்ட், அதற்குள் ஆக்குலஸ்-டயக்னாஸ்டிக்ஸ் என்ற கோப்புறையில் அது ஏற்கெனவே இருக்கிறது. என்கோட் பிட்ரேட் 0 என்றிருந்தால் மென்பொருள் தானாகத் தீர்மானிக்கிறது என்று பொருள். அதை 250 எம்பிபிஎஸ் வையுங்கள், சரியாக ஓடினால் 300, பிறகு 350. அதற்கு மேல் குவெஸ்ட் 2-வில் ஆதாயம் குறைவு, தொல்லை அதிகம்: சிப் விரித்து முடிக்கத் தாமதமாகும், கை அசைவு பின்தங்கும், ஒலி கரகரக்கும். கரகரப்பு கேட்டால் 50 குறையுங்கள். அதே பட்டியலில் லிங்க் ஷார்ப்பனிங்கை இயக்கினால் எழுத்துகளில் கண்கூடாக வித்தியாசம் தெரியும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் லிங்கைத் துண்டித்து மறுபடி இணையுங்கள்.

கேபிளையும் சோதியுங்கள். மெட்டா மென்பொருளில் யுஎஸ்பி சோதனை உண்டு. நல்ல யுஎஸ்பி 3 கேபிளும் போர்ட்டும் இருந்தால் 2 ஜிபிபிஎஸ்ஸுக்கு மேல் காட்டும். சில நூறு எம்பிபிஎஸ் காட்டினால் கேபிள் யுஎஸ்பி 2-வில் ஓடுகிறது. ஓடும், ஆனால் நாம் வைத்த பிட்ரேட்டுக்கு இடமில்லை. கேபினட்டின் முன்பக்க போர்ட்டைத் தவிர்த்து, பின்புறம் மதர்போர்டிலேயே உள்ள போர்ட்டில் செருகுங்கள். விண்டோஸ் பவர் ஆப்ஷனில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணையுங்கள். நடு ஆட்டத்தில் ஹெட்செட் திடீரென்று துண்டிக்கப்படும் தொல்லை பலருக்கு அதோடு போகும்.

வயர்லெஸ்ஸுக்கு மாறும் எண்ணம் இருந்தால் ஒரே ஒரு விதி: கணினியிலிருந்து ரௌட்டருக்கு கேபிள் போக வேண்டும், ஹெட்செட் மட்டும் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். இரண்டும் வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு பிரேமும் காற்றில் இரண்டு முறை பயணம் செய்யும். 80 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில் வைஃபை 6 ரௌட்டரோடு ஹெட்செட் 1200 எம்பிபிஎஸ் என்று காட்டும், வைஃபை 5 என்றால் 866. ரௌட்டர் அதே அறையில் இருக்கட்டும். மெட்டாவின் வயர்லெஸ் இணைப்பான ஏர் லிங்கில் பிட்ரேட் உச்சவரம்பு 200 என்பதால் இருட்டுக் காட்சிகளில் கேபிள்தான் இன்னும் நன்றாக இருக்கும். 2023 இறுதியில் வால்வ் குவெஸ்டுக்கென்று வெளியிட்ட ஸ்டீம் லிங்க் செயலியையும் முயன்று பார்க்கலாம். அதில் மெட்டா மென்பொருளே நடுவில் வராது, ஆகவே பெருக்கும் ஸ்லைடர்களில் ஒன்று குறைகிறது.

விண்டோஸில் செய்ய வேண்டியவை சில. செட்டிங்ஸின் டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் பகுதியில் ஹார்ட்வேர் ஆக்சிலரேட்டட் ஜிபியு ஷெட்யூலிங் என்று ஒன்று உண்டு. விஆரில் ஒழுங்கற்ற திக்கலுக்கு அது காரணமாக இருந்த கணினிகள் நிறைய. அணைத்து, மறுதொடக்கம் செய்து, அதே சேமிப்பில் அளந்து பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் பழையபடி வையுங்கள். என்விடியா கண்ட்ரோல் பேனலில் அலிக்ஸுக்கு மட்டும் பவர் மேனேஜ்மென்ட்டை அதிகபட்சச் செயல்திறன் என்று வையுங்கள். வேறு எதையும் அங்கே தொட வேண்டாம். இணையத்தில் சுற்றும் ரெஜிஸ்ட்ரி மாற்றங்களும் பூஸ்டர் மென்பொருள்களும் விஆருக்கு ஒன்றும் செய்வதில்லை, பின்னால் பிழை தேடும்போது குழப்பம் மட்டும் கூடும்.

இன்னொன்று கவனியுங்கள். முதல் கால் மணிநேரம் சீராக ஓடி, பிறகு அதே இடத்தில் ஜிபியு நேரம் 9-லிருந்து 11-க்கு ஏறினால் அது வெப்பம். கார்டு சூடாகித் தன் வேகத்தைக் குறைக்கிறது. கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்து அதே சேமிப்பில் கால் மணிநேரம் ஓட்டுங்கள். எண் ஏறவில்லையென்றால் காற்றோட்டம்தான் குறை; முன்பக்க ஃபேன் வடிகட்டியில் படிந்த தூசியைத் துடைப்பதில் தொடங்கலாம்.

எல்லாம் சரியான பிறகு தானியங்கி ஃபிடிலிட்டியை மறுபடி இயக்கலாமா? 10.5-க்குள் நிலையாக நிற்கும் அமைப்புக்கு அது தேவையில்லை, பூட்டியே வைத்திருங்கள். ஏதாவது ஓரிரு கனமான சண்டையில் மட்டும் வரம்பு மீறுகிறது என்றால் முதல் கட்டளையை எடுத்துவிட்டு ஆட்டத்தின் கையிலேயே விடுங்கள். இப்போது அது இறக்கினாலும் ஒரு படி இறக்கிவிட்டு ஏறிவிடும், முன்போல் அடியிலேயே கிடக்காது. ஏஎஸ்டபிள்யூவை நிரந்தரமாக அணைத்தே வைக்கலாம் என்பது என் பரிந்துரை. கைகளைக் கண்முன் வைத்துக்கொண்டே விளையாடும் ஆட்டத்தில் ஒரு சில பிரேம்கள் விழுவது, விரல்கள் நெளிவதைவிடப் பரவாயில்லை.

சரியாக வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு பாட்டில் போதும். 2020 மே மாதப் புதுப்பிப்பில் வால்வ் பாட்டில்களுக்குள் திரவத்தைச் சேர்த்தது. அது உண்மையான திரவக் கணக்கல்ல, ஷேடர் (பரப்பின் தோற்றத்தைக் கணக்கிடும் சிறு நிரல்) வேலை. ஆனால் ஒளி அதற்குள் முறிவதும், குலுக்கினால் நுரைப்பதும், விளிம்பில் அலை ஏறி இறங்குவதும் கண்ணுக்கு அருகில் பிடித்தால் அப்படியே தெரியும். ஒரு பாட்டிலை எடுத்து முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து மெல்லச் சாய்த்துத் திருப்புங்கள். லேபிள் எழுத்தின் விளிம்பு கரையாமல் இருக்க வேண்டும், கண்ணாடிக்குப் பின்னால் தெரியும் அறை சதுரமாக உடையக் கூடாது, திரும்பும்போது பாட்டில் விளிம்பு இரட்டையாகக் கூடாது. எழுத்து கரைந்தால் ரெசல்யூஷன், சதுரம் வந்தால் பிட்ரேட், இரட்டையானால் பிரேம் நேரம். எது தவறுகிறதோ அந்தப் படிக்கு மட்டும் திரும்பிப் போங்கள்.

குவெஸ்ட் 3-க்கு மாறும்போதுதான் கார்டு பற்றிய கேள்வி உண்மையாக வரும். அதன் திரை ஒரு கண்ணுக்கு 2064×2208, லென்ஸும் ஓரம்வரை தெளிவு என்பதால் குறைந்த ரெசல்யூஷன் உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஏவி1 என்ற முறையில் சுருக்கிய வீடியோவை விரிக்கும் திறனும் அதில் உண்டு, ஆனால் ஏவி1-இல் சுருக்க ஆர்டிஎக்ஸ் 40 வரிசையோ ஆர்எக்ஸ் 7000 வரிசையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும், 3060-ஆல் முடியாது. அதுவரை இருக்கும் கார்டே போதும். பணம் செலவழித்தே ஆக வேண்டும் என்றால் நல்ல யுஎஸ்பி 3 கேபிளுக்கும், தலையின் பின்புறம் எடையைத் தாங்கும் பட்டைக்கும் செலவழியுங்கள். பட்டை நழுவாமல் நின்றால் கண் லென்ஸின் நடுவிலேயே இருக்கும், 5408 வரை ஸ்லைடரை இழுத்தாலும் கிடைக்காத கூர்மை அதில் கிடைக்கும்.